பசியின்மேல் ஒரு பத்திரம்

ஜெகதாப்பட்டினம்
11 ஆகஸ்ட் 2025

இலக்கியா,

போனை எடுக்கமாட்டாய். சரி. தபால்காரர் கையில் கொடுத்தால் வேண்டாமென்று சொல்லிவிடுவாயா, அதையும் பார்க்கிறேன். குளத்தூர் முகவரி எனக்கு மனப்பாடம். காலேஜ் லீவில் எத்தனை தடவை வந்து உங்கள் வீட்டு நிலக்கடலையைத் தின்று தீர்த்திருக்கிறேன்.

போன வாரம் உங்கள் சர்வே கம்பெனி ரிப்போர்ட் வந்தது. எங்கள் தெருக்களில் பசி கூடிவிட்டதாம்! மூன்று வருஷத்துக்கு முன்னால் நூற்றுக்கு ஒன்பது வீட்டில் பட்டினி இருந்ததாம். இப்போது முப்பத்து நாலு வீட்டில் இருக்கிறதாம். அடுப்பு வைத்துச் சோறு போட்டதால் ஊரில் பசி அதிகமாகிவிட்டது. இதற்குச் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா, நீயே சொல்லு.

நான் நடத்துகிற அந்த அடுப்பு உனக்குத் தெரியும். மூடிக்கிடந்த ஐஸ் பிளாண்ட் கொட்டகை. தடைக்காலத்தில் படகெல்லாம் கரையில் கிடக்கும்போதும், புயல் கொடி ஏற்றும்போதும், எல்லை தாண்டியதாக ஆட்களைப் பிடித்துக்கொண்டு போகும்போதும், எந்த வீட்டுப் பெண்ணும் தூக்குவாளியோடு வந்து சோறும் அதில் ஊற்ற ஆணமும் வாங்கிப் போகலாம். முடிந்தவள் உண்டியலில் காசு போடுவாள். முடியாதவள் சும்மா போவாள். எவள் போட்டாள் என்று பார்க்க அங்கே ஆள் கிடையாது.

இதற்குப் பணம் வந்த வழியைப் பெண்களுக்கு விளக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வெளிநாட்டுப் பணக்காரர் ஒருவர் முன்பணம் போடுகிறார். நாம் மூன்று வருஷம் வேலை செய்கிறோம். பிறகு வெளியாட்கள் வீடு வீடாகக் கேட்டு அளப்பார்கள். பசி குறைந்திருந்தால் ஓர் அறக்கட்டளை அவர் போட்டதை லாபத்தோடு திருப்பிக் கொடுக்கும், அவர் அடுத்த ஐந்து வருஷத்துக்கும் போடுவார். குறையாவிட்டால் அவர் பணமும் போச்சு, நம் அடுப்பும் போச்சு. பலன் பத்திரம் என்று பெயர். சமையல் பார்க்கிற செவந்தி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஆக, நம்ம வயித்து மேல ஒருத்தன் பந்தயம் கட்டியிருக்கான். அப்புடித்தானே?” என்றாள். 

முதல் அளவு எடுக்க 2022 ஜூலையில் வந்தவள் நீ. தெருத்தெருவாகக் கூட்டிப் போனவள் நான். போன மாதத்தில் சாப்பிட ஒன்றுமில்லாமல் வீட்டில் யாராவது ஒரு வேளையாவது பட்டினி கிடந்தீர்களா என்று நீ கேட்டாய். வீட்டுக்கு வந்து பாயில் உட்கார்ந்திருக்கிற பெண்ணிடம், அதுவும் பக்கத்து வீட்டுக்காரி வாசலில் நின்று எட்டிப் பார்க்கும்போது, எவள் ஆமாம் என்பாள்? எங்கள் தெரு ஆஃபியா, “அல்ஹம்துலில்லாஹ், அதெல்லாம் ஒண்ணுமில்ல” என்று சொல்லிவிட்டு உனக்கு முட்டை பொரித்து வைத்தாள். அந்த முட்டையை அவள் அடுத்த வீட்டில் கைமாற்றாக வாங்கிவந்தாள். நீ சாப்பிட்டாய். இல்லை என்று குறித்துக்கொண்டாய்.

இந்த ஜூலையில் வந்தவர்களிடம் அதே பெண்கள் உண்மையைச் சொல்லியிருக்கிறார்கள். ஏன் சொன்னார்கள்? மூன்று வருஷமாகக் கொட்டகையில் பெண்களைக் கூட்டி நடத்துகிற ஒவ்வொரு வியாழக்கிழமைக் கூட்டத்திலும் நான் தொண்டை வறளச் சொன்னதால். பசித்தால் பசிக்கிறது என்று சொல்லுங்கள், அதில் வெட்கமில்லை, சொன்னால்தான் உலையில் அரிசி கூடப் போட முடியும் என்றேன். நம்பிச் சொன்னார்கள். அதற்குத்தான் இப்போது தண்டனை.

நவம்பரோடு அரிசிக்கான பணம் முடிகிறது. முதல் அளவு தப்பு என்று நீ எழுதிக்கொடு. வேறொன்றும் கேட்கவில்லை.

நிஷா


குளத்தூர்
18 ஆகஸ்ட் 2025

அன்புள்ள நிஷா,

உன் கடிதத்தை அப்பாதான் வாங்கி வைத்திருந்தார். “கடக்கரைப் புள்ள எழுதியிருக்கும்மா. கையெழுத்தே கோவமா இருக்கு” என்றார்.

போனை எடுக்காததற்குக் காரணம் திமிரில்லை. கணக்கு முடிவாகும்வரை திட்டத்து ஆட்களோடு போனில் பேசமாட்டோம், மெசேஜ் அனுப்பமாட்டோம் என்று திருச்சி ஆபீஸில் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். தபாலைப் பற்றி யாருக்கும் நினைப்பு வரவில்லை போலிருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

உனக்குக் கோபம் வந்துவிட்டால் மற்றவர்கள் எல்லாரும் மடையர்கள். என் வேலை கேட்பது, சொன்னதை எழுதுவது. “இந்தம்மா இல்லை என்கிறார், ஆனால் முகத்தைப் பார்த்தால் பட்டினிபோல இருக்கிறது” என்று எழுதினால் அது சர்வே இல்லை, ஜோசியம். ஒரு வீட்டில் அல்ல, நூற்றுக்கு மேல் வீடுகளில் அப்படித்தான் சொன்னார்கள். நான் என்ன செய்திருக்க வேண்டும்?

நீயும் பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தாய்? தொடையில் ஒரு கிள்ளு கிள்ளியிருந்தால் போதும், வெளியே வந்ததும் விசாரித்திருப்பேன். நீ கிள்ளவில்லை. உன் தெருவின் மானம் அன்றைக்கு உனக்கும் பெரிதாக இருந்தது. அதைத் தப்பென்று சொல்லவில்லை. ஆனால் எல்லாப் பழியையும் என் தலையில் கொட்டாதே.

முதல் அளவு தப்பென்று நான் எழுதிக்கொடுத்தால் உங்கள் ஊரோடு முடியாது. நான் அளந்த மற்ற ஊர்களும் சந்தேகத்துக்கு வரும். குன்றாண்டார்கோவில் பக்கம் பிள்ளைத்தாய்ச்சிப் பெண்களுக்கான திட்டம் ஒன்று என் கணக்கை வைத்துத்தான் ஓடுகிறது. அதையும் நிறுத்திவிடுவார்கள். அந்தப் பெண்களுக்கு யார் பதில் சொல்வது? என் வேலை போவது கடைசிக் கவலை, ஆனால் அதுவும் கவலைதான். இந்த வீட்டில் மாதச் சம்பளம் வாங்குவது நான் ஒருத்தி.

அந்த முட்டை விஷயத்தை ஏனடி எழுதினாய்? எனக்குத் தெரியவே தெரியாது. ரெண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை.

இலக்கியா


ஜெகதாப்பட்டினம்
25 ஆகஸ்ட் 2025

இலக்கியா,

கிள்ளவில்லைதான். போதுமா? சந்தோஷமா?

உனக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்று எழுதுகிறாயே, இறங்குவதற்குச் சாப்பாடே இல்லாதவளைப் பற்றி எழுதுகிறேன், கேள். ஆஃபியாவின் புருஷன் ராஜா முகமது போன படகு ஜூலை முதல் வாரம் பிடிபட்டது உனக்குத் தெரியுமோ தெரியாதோ. ஆட்கள் இன்னும் அக்கரை ஜெயிலில்தான் இருக்கிறார்கள், இன்னும் வாய்தா போட்டுக்கொண்டே இருக்கிறார்களாம். இவள் நண்டுக் கம்பெனியில் ஓடு உரிக்கப் போகிறாள். வேலை இருந்தால் கூப்பிடுவார்கள், இல்லாவிட்டால் இல்லை. ரெண்டு பிள்ளைகள். அடுப்பிலிருந்து போகிற தூக்குதான் அந்த வீட்டு ராத்திரிச் சாப்பாடு.

அவள் நேற்று அக்காவிடம் வருகிறமாதிரி என்னிடம் வந்து, “லாத்தா, நான் உண்மயச் சொன்னதுனாலதான் அடுப்ப மூடப் போறாங்களாமே. நான் வேணா போயி, தெரியாமச் சொல்லிட்டேன், அப்புடி ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டு வரட்டா?” என்று கேட்டாள். போய்ச் சொல்கிறேன் என்கிறாள், எங்கே போவது என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. திருச்சியா, சென்னையா, லண்டனா?

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது இலக்கியா. உன்மேல் மட்டுமில்லை. ஆனால் கடிதம் எழுத உன் முகவரிதான் என்னிடம் இருக்கிறது.

நிஷா


குளத்தூர்
9 செப்டம்பர் 2025

அன்புள்ள நிஷா,

ரெங்கராஜ் சாரிடம் பேசிவிட்டேன். அவர்தான் எங்கள் ஆபீஸ் தலைமை. முதல் அளவில் பெண்கள் மறைத்துச் சொல்லியிருக்கிறார்கள், எனக்கு இப்போதுதான் தெரியவந்தது என்று நேராகவே சொன்னேன்.  எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“ஏம்மா, கட்டி முடிச்ச வீட்டுக்கு அஸ்திவாரத்தப் போயி தோண்டச் சொல்றியா?” என்றார். அந்த முதல் எண்ணை வைத்துத்தான் பணக்காரர் பணம் போட்டார், அறக்கட்டளை ஒப்பந்தம் போட்டது. அதைத் தொட்டால் பத்திரமே செல்லாது. பசி குறைந்ததா கூடியதா என்ற கேள்விக்கே இடமில்லாமல் போய்விடும், அடுப்பும் அன்றைக்கே மூடும். யோசித்துப் பார், அவர் சொன்னதும் நிஜம்தான்.

ஆனால் ஒரு வழி இருக்கிறது. இந்த ஜூலையில் எங்கள் ஆட்கள் வந்த வாரம் படகுகள் பிடிபட்ட வாரத்துக்கு அடுத்தது. தெருவே அழுதுகொண்டிருந்த சமயம். அசாதாரணமான நாட்களில் எடுத்த அளவு என்றால் ஒரு தடவை மறுபடி கேட்கலாம் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. ரெங்கராஜ் சார் எழுதி அனுப்பினார். நேற்று சம்மதம் வந்துவிட்டது. அக்டோபர் நடுவில் புது ஆட்கள் வருவார்கள். அதே வீடுகள், அதே கேள்விகள். நான் வரமாட்டேன், என்னை இந்த வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

நூற்றுக்கு ஐந்துக்குள் வந்தால் திட்டம் வெற்றி. முதல் தடவை உங்கள் தெருவில் எப்படிப் பதில் சொன்னார்கள் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். எனக்கும் ஞாபகம் இருக்கிறது. இதற்குமேல் நான் எழுதக்கூடாது.

ராஜா முகமது வந்துவிட்டாரா? அவர் பிடிபட்டது எனக்குத் தெரியாது. ரிப்போர்ட்டில் அவர் வீடு ஒரு எண்தான்.

இலக்கியா


ஜெகதாப்பட்டினம்
16 செப்டம்பர் 2025

இலக்கியா,

நீ எழுதியதை நாலு தடவை படித்தேன். நான் நினைப்பதைத்தான் நீ சொல்லியிருக்கிறாயா? சுற்றி வளைக்காதே. காலேஜில் காப்பியடிக்க விடும்போதுகூடப் பேப்பரை நேராகத் திருப்பிக் காட்டுகிறவள் நீ.

முதல் வருஷம் வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு வந்தவர்கள் எப்படி உட்கார்ந்திருந்தார்கள் தெரியுமா? முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டு. பேச்செல்லாம் பிள்ளைகளின் பள்ளிக்கூடம், நெய்மீன் விலை, யாருக்கோ கல்யாணம். ஒருநாள் ஆஃபியாதான் முதலில் வாயைத் திறந்தாள். “ராத்திரி புள்ளைங்களுக்குக் கஞ்சித்தண்ணி குடுத்துப் படுக்கப் போட்டேன். நான் ஒண்ணும் சாப்புடல” என்றாள். யாரையும் பார்க்காமல் சொன்னாள்.  பிறகு ஒரு மூலையிலிருந்து, “நானுந்தான்” என்று ஒரு குரல். அப்புறம் இன்னொன்று. செவந்தி எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தாள், அன்றைக்குக் கூட்டம் சாயங்காலம்வரை நடந்தது.

அந்த ஒரு வார்த்தையை வரவழைக்க எனக்கு ஏழெட்டு மாதம் பிடித்தது. இப்போது நானே எழுந்து நின்று, அதை இனிமேல் சொல்லாதீர்கள் என்று சொல்ல வேண்டுமா? எந்த வாயால் சொல்வேன்? சொல்லாவிட்டால் நவம்பருக்கப்புறம் மழை பிடித்துக்கொள்ளும், படகு போகாது, உலை வைக்க அரிசி இருக்காது. அப்போது அவர்கள் முகத்தில் எப்படி முழிப்பேன்?

அறக்கட்டளைக்காரர்கள் கெட்டவர்களில்லை. அவர்கள் ஆட்கள் ரெண்டு பேர் இங்கே வந்து தரையில் உட்கார்ந்து எங்களோடு கஞ்சி குடித்திருக்கிறார்கள். அவர்களை ஏமாற்றுகிறோமே என்றும் இருக்கிறது.

தொழுதுவிட்டுத்தான் எழுதுகிறேன். மனசு தெளியவில்லை. நீயாக இருந்தால் என்ன செய்வாய்? ஆபீஸ்காரியாகப் பதில் சொல்லாதே.

நிஷா


குளத்தூர்
22 செப்டம்பர் 2025

நிஷா,

பட்டினி இல்லை என்றே சொல்லச் சொல்லிவிடு.

நேராகத் திருப்பிக் காட்டச் சொன்னாய், காட்டிவிட்டேன். இந்தக் கடிதத்தைக் கிழிக்க வேண்டாம். நாளைக்கு யாராவது கேட்டால் இலக்கியாதான் சொன்னாள் என்று காட்டிக்கொள்.

பசி உண்மையில் குறைந்திருக்கிறது. அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அன்றைக்கு மறைத்துச் சொன்னார்கள். இன்றைக்கும் மறைத்துச் சொன்னால் இரண்டும் ஒரே தராசில் வந்துவிடும். ஒருவன் பந்தயம் கட்டினான், அவனுக்கு லாபம் வரட்டும், நமக்கென்ன போச்சு? உனக்கு வேண்டியது அரிசி. யாரிடமும் திருடவில்லை. பசி குறைந்ததற்குக் கொடுப்பதாகச் சொன்ன பணம் பசி குறைந்ததற்காகவே வருகிறது.

வார்த்தையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் அடுப்பு எரியட்டும்.

இலக்கியா


ஜெகதாப்பட்டினம்
27 அக்டோபர் 2025

இலக்கியா,

முடிந்தது. நீ சொன்னபடியே செய்துவிட்டேன்.

புது ஆட்கள் வருவதற்கு முந்தின வியாழக்கிழமை எல்லாரையும் கூப்பிட்டேன். விஷயத்தை மூடி மறைக்காமல் சொன்னேன். வருகிறவர்கள் கேட்டால் பட்டினி இல்லையென்று சொல்லிவிடுங்கள், அப்படிச் சொன்னால்தான் அடுப்பு எரியும் என்றேன்.  செவந்திதான் ஆரம்பித்தாள்.

“இது என்னா கூத்து? மூணு வருசமா வாயத் தொறங்க, தொறங்கன்னீங்க. இப்ப மூடுங்கங்கிறீங்க. எங்களுக்கு இருக்கிறது ஒரு வாயிதானே நிஷாம்மா?”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆஃபியா சிரிக்கவில்லை.

“அப்ப அது வெக்கமான விசயந்தானா லாத்தா?” என்றாள்.

“இல்லடி. வெக்கமெல்லாம் இல்ல. அடுப்புக்காக ஒரு தடவ சொல்லச் சொல்றேன். அம்புட்டுத்தான்.”

“சரி லாத்தா” என்றாள். உடனே சரி என்றாள் இலக்கியா. வாதாடியிருந்தால், சண்டை போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

வந்தவர்களில் சேரன் என்று ஒரு பையன். நல்ல பிள்ளை, எல்லாரையும் அம்மா, அக்கா என்றுதான் கூப்பிட்டான். இந்தத் தடவை நான் யார் வீட்டுக்குள்ளும் போகக்கூடாதென்று உத்தரவு. தெருவில் நின்றேன். ஆஃபியா வீட்டுக் கதவு திறந்துதான் இருந்தது. அவன் கேள்வி காதில் விழவில்லை, அவள் பதில் மட்டும் விழுந்தது. “இல்ல தம்பி. ஒரு வேளைகூட இல்ல.” பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்கிற பிள்ளைமாதிரி உரக்கச் சொன்னாள். எனக்குக் கேட்கட்டும் என்றுதான் அவ்வளவு சத்தமாகச் சொன்னாளோ என்னவோ.

அந்த வாரம் முழுக்க அவளுக்கு நண்டுக் கம்பெனியில் வேலை இல்லை. முந்தின சாயங்காலம் செவந்தி அவள் தூக்கில் அள்ளி அள்ளி வைத்ததை நான் பார்த்தேன்.

உன்னைக் குறை சொல்லவில்லை. நான்தான் கேட்டேன், நீ சொன்னாய், நான் செய்தேன். முடிவு எப்போது வரும் என்று மட்டும் எழுது.

நிஷா


குளத்தூர்
20 நவம்பர் 2025

அன்புள்ள நிஷா,

நேற்றிலிருந்து நாலு தடவை கூப்பிட்டேன். தடையெல்லாம் நீங்கிவிட்டது, இனிமேல் எவ்வளவு வேண்டுமானாலும் போனில் பேசலாம். இப்போது நீ எடுக்கமாட்டேன் என்கிறாய். பழி வாங்குகிறாயா?

நூற்றுக்கு நாலு! திட்டம் வெற்றி. அறக்கட்டளை பணத்தை அனுப்பிவிட்டது, அடுத்த ஐந்து வருஷத்துக்குக் கையெழுத்தும் ஆகிவிட்டது. உன் அடுப்பில் இனி யாரும் கை வைக்க முடியாது. ரெங்கராஜ் சார் ஆபீஸ் முழுக்க ஜிலேபி கொடுத்தார். நானும் ஒன்று தின்றேன்.

இன்னும் மூன்று துறைமுகத்தில் இதேபோல் ஆரம்பிக்கப் போகிறார்களாம். முதல் அளவு எடுக்க என்னையே போகச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் அடுப்பைப் பற்றி ஒரு புத்தகம் போடுகிறார்கள். டிசம்பரில் படம் எடுக்க ஆட்கள் வருவார்கள். பெண்கள் தூக்குவாளியோடு வரிசையில் நிற்கிறமாதிரி ஒரு படம் அட்டைக்கு வேண்டுமாம். ஏற்பாடு செய்து வை.

சந்தோஷமாக ஒரு வரியாவது எழுதேன். நாம் ஜெயித்துவிட்டோம்டி.

இலக்கியா


ஜெகதாப்பட்டினம்
12 டிசம்பர் 2025

அன்புள்ள இலக்கியா,

பழி வாங்கவில்லை. போனில் பேசினால் அழுதுவிடுவேன் என்றுதான் எடுக்கவில்லை.

அரிசி வந்துவிட்டது. ஐஸ் கட்டி அடுக்குகிற அறை முழுக்க மூட்டைதான். புது உருளி, புது அடுப்பு எல்லாம் வாங்கியாகிவிட்டது. மழை விடாமல் அடிக்கிறது, புயல் கொடி ஏற்றியிருக்கிறார்கள், ஒரு படகும் கடலுக்குப் போகவில்லை. மற்ற வருஷமாக இருந்தால் சாயங்காலம் கொட்டகை வாசலில் நிற்க இடம் இருக்காது. இப்போது செவந்தி அடுப்பை அணைத்துவிட்டு வாசலில் வந்து நின்று தெருவைப் பார்க்கிறாள். வருகிறவர்கள் உண்டியலில் காசு போட முடிந்தவர்கள். காசு விழுகிற சத்தம் எல்லாருக்கும் கேட்கும்படி போட்டுவிட்டுப் போகிறார்கள். முன்பு யாரும் அப்படிப் போட்டதில்லை.

மற்றவர்கள் வரவில்லை. மிஞ்சுகிற சோற்றை மீன் இறக்குகிற இடத்துக்குக் கொண்டுபோய் வெளியூர் லாரிக்காரர்களுக்குக் கொடுக்கிறோம்.

வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு ஆள் வருகிறது. தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பிள்ளைகளின் பரீட்சை, நெய்மீன் விலை, யார் வீட்டிலோ நிக்காஹ். எப்படி இருக்கீங்க என்று கேட்டால் எல்லாரும் ஒரே குரலில் நல்லா இருக்கோம் என்கிறார்கள். நான் அந்தக் கேள்வியையே விட்டுவிட்டேன்.

பொறுக்கமாட்டாமல் முந்தாநாள் ஆஃபியா வீட்டுக்குப் போனேன். ராஜா முகமது இன்னும் வரவில்லை. நண்டுக் கம்பெனி மழைக்கு மூடிக்கிடக்கிறது. பிள்ளைகள் ரெண்டும் சாயங்காலமே படுத்திருந்தன. அடுப்பு துடைத்துவைத்தமாதிரி இருந்தது.

“ஏன்டி அடுப்படிக்கு வரமாட்டேங்கிற?”

“எதுக்கு லாத்தா? சாப்புட்டாச்சு.”

“எங்கிட்டயுமா ஆஃபியா?”

தலையைக் குனிந்துகொண்டே இருந்தாள். அப்படியே மெதுவாகச் சொன்னாள். “மறைக்கச் சொன்னது நீங்கதானே லாத்தா. கோவமில்ல. நல்லதுக்குத்தான் சொன்னீங்க. ஆனா பேரச் சொல்லி, வீட்டச் சொல்லி, எழுதி வாங்கிட்டுப் போயிருக்காங்க, இந்த வீட்ல ஒருத்தரும் பட்டினி இல்லன்னு. தெருவுக்கே தெரியும், நானும் அப்புடித்தான் சொன்னேன்னு. மறைக்க வேண்டிய விசயத்தத் தூக்குவாளில வச்சுக்கிட்டு அம்புட்டுப் பேரு முன்னாடி எப்புடி நடந்து வாறது?”

 அது வெட்கமில்லை என்று மூன்று வருஷம் சொன்னேன். வெட்கம்தான் என்று ஒரே ஒரு சாயங்காலம் சொன்னேன். அந்த ஒரு சாயங்காலத்தைத்தான் அவர்கள் நம்பினார்கள். நான் ஒரு தூக்குச் சோறு கொண்டு போயிருந்தேன். வேண்டாமென்று சொல்லவில்லை, கையால் லேசாக என் பக்கமே தள்ளிவிட்டாள். பிள்ளைகள் படுத்தபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தன. நான் அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். காலையில் மூடி திறக்காமல் என் வாசலில் இருந்தது.

இதை உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை. இந்தப் பத்திரமும் இல்லாவிட்டால் இந்த ஊருக்கு மூன்று வருஷம் சோறு வந்திருக்காது. அது எனக்கு நன்றாகத் தெரியும். யாரைத் திட்டுவது என்று தெரியாமல்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

படம் எடுக்கிறவர்கள் வருகிற செவ்வாய்க்கிழமை வருவதாகத் தகவல் வந்தது. வரிசையில் நிற்கப் பெண்கள் வேண்டுமென்று வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். எல்லாரும் சம்மதித்துவிட்டார்கள். படத்துக்குத்தானே, அதில் ஒன்றும் இல்லையாம். ஆஃபியாவும் வருகிறேன் என்றாள். நான் தெருமுனைவரை வந்துவிட்டேன். பின்னாலேயே ஓடிவந்தாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, மழைச் சத்தத்துக்குள் என் காதருகில் கேட்டாள்.

“லாத்தா, படத்துக்கு நிக்கும்போது தூக்கு வெறுந்தூக்கா, இல்ல, சோறு இருக்குமா?”

இருக்கும் என்றேன். படம் எடுத்து முடிந்ததும் அவரவர் தூக்கை அவரவர் வீட்டுக்கே கொண்டுபோய்விடலாம் என்றும் சொன்னேன்.

ரெங்கராஜ் சாரிடம் கேட்டு எனக்கு உடனே எழுது. அந்தப் படக்காரர்கள் இங்கே எத்தனை நாள் இருப்பார்கள்?

நிஷா